சாலையோரக் குறுங்காட்டுக்கு 5 கிலோ கோகோபீட் கட்டி: வாங்கலாமா?

தென்னை நார்த்தூளை அழுத்திச் செய்த இந்தக் கட்டி, மியாவாக்கி முறையில் (நாட்டு மரக்கன்றுகளை நெருக்கமாக நட்டுக் குறுங்காடு வளர்ப்பது) நடும் தன்னார்வலர்களுக்குத் தோதான சரக்குதான். பத்துக் கட்டி கார் டிக்கியிலேயே அடங்கும். ஒன்றை 20 முதல் 25 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்தால் சுமார் 70 லிட்டர் உதிரியாகப் பொங்கும்.

பார்க்க வேண்டியது விலையை அல்ல, உப்பை. கழுவாத கட்டியில் சோடியமும் பொட்டாசியமும் மிகுதி. இலை நுனி கருகும், பழி வெயில்மேல் விழும். இ.சி. (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன்) 0.5 மில்லிசீமன்ஸ்/செ.மீ.க்குக் கீழே என்று அச்சிட்டதை எடுங்கள். அச்சு இல்லையென்றால் ஊறவைத்துப் பிழிந்து, இரண்டு முறை தண்ணீர் மாற்றுங்கள்.

சாலையோர மண்ணில் ஜல்லியும் சிமெண்டுத் தூளும் கெட்டித்துக் கிடக்கும். ஒரு மீட்டர் ஆழம் தோண்டி (மின்கேபிள் போகிறதா என்று முதலில் கேட்டுக்கொண்டு), கல்லைப் பொறுக்கிய பிறகே இதைக் கலக்க வேண்டும். கெட்டி மண்மேல் சும்மா கொட்டினால் வேர் கீழே இறங்காது. இது உரமும் அல்ல. மக்காத நார் மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் மக்கிய தொழுவுரம் சேர்த்தே ஆக வேண்டும். சதுர மீட்டருக்கு மூன்று, நான்கு கன்று: புங்கன், நாவல், நீர்மருது, நொச்சி.

மூடாக்குக்கு (மண்ணின் மேல் போடும் போர்வைக்கு) மட்டும் கோகோபீட் வேண்டாம். காய்ந்ததும் லாரிக் காற்றில் பறந்துவிடும். வைக்கோலைப் பரப்பிக் கயிறு கட்டி அழுத்துங்கள்.