நரம்புக் குழாய்: மடிப்பதா, குடைவதா?

மூளைக்கும் தண்டுவடத்துக்கும் மூலம் ஒரே குழாய்தான். அது உருவாகும் வழிகள் இரண்டு.

பெரும்பகுதி மடிப்பு முறையில் உருவாகிறது. பார்க்க அழகான வழி, ஆபத்தும் இதில்தான் அதிகம். கருவின் மூன்றாம் வாரத்தில் முதுகுப்பக்கச் செல்கள் தடித்துத் தட்டாகின்றன. ஓரங்கள் எழும்பி, சுமார் 22ஆம் நாளில் ஒட்டத் தொடங்குகின்றன. அப்புறம் ஜிப் இழுத்தது போல மூடிக்கொண்டே போகும். தலைமுனை 25ஆம் நாள் வாக்கிலும் கீழ்முனை 28ஆம் நாள் வாக்கிலும் அடைபடும். தலைமுனை மூடாவிட்டால் மூளையின் பெரும்பகுதி உருவாகாது. பலருக்குக் கர்ப்பமே தெரியாத நாள்கள் இவை! அதனால்தான் குழாய் சரியாக மூட உதவும் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினைக் கர்ப்பத்துக்கு முன்பே எடுக்கச் சொல்கிறார்கள்.

வால்நுனியில் மட்டும் குடையும் முறை. செல்கள் கெட்டியான தண்டாகக் கூடி, பிறகு உள்ளே குழிவிழும். மூட வேண்டிய வாசலே இங்கு கிடையாது. கோளாறு வந்தாலும் பெரும்பாலும் தோலுக்கடியில் மறைந்திருக்கும்.