அறுவது வேறு, தளர்வது வேறு: டென்னிஸ் ஸ்ட்ரிங்குகளில் டென்ஷனைக் காப்பது எது?

ஸ்ட்ரிங் அறுந்தால்தான் மாற்ற வேண்டும் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். பாலியெஸ்டர் போட்டு ஆடிய ஒரு சீசனில் அந்த நினைப்பு போனது. முதல் வாரம் பந்து நினைத்த இடத்தில் விழுந்தது. இரண்டு மாதம் கழித்து அதே ஃபோர்ஹேண்ட், அதே வீச்சு; பந்து மட்டும் பேஸ்லைனுக்கு வெளியே ஒரு முழம் தள்ளி விழுந்தது. கால் வைப்பில் ஏதோ தவறு என்று அதையே திருத்திக்கொண்டிருந்தேன். அளந்து பார்த்தபோதுதான் தெரிந்தது: ஸ்ட்ரிங் ஒரு இடத்திலும் அறவில்லை, டென்ஷன், அதாவது கட்டியபோது இருந்த இறுக்கம், இறங்கிவிட்டிருந்தது.

அறாமல் உழைப்பதும் டென்ஷனைப் பிடித்து வைப்பதும் வெவ்வேறு குணங்கள். கடையில் நாம் கேட்பது பெரும்பாலும் முதலாவதைத்தான்.

இழுத்துக் கட்டிய எந்த ஸ்ட்ரிங்கும் மெல்ல மெல்லத் தளரும். நீளம் மாறாவிட்டாலும் உள்ளே மூலக்கூறுகள் நகர்ந்து இடம் பிடித்துக்கொள்ள, இழுவிசை குறைகிறது. இந்தச் சரிவு ஒரே வேகத்தில் நடப்பதில்லை. கட்டிய முதல் 24 மணி நேரத்தில்தான் பெரும் இறக்கம். 10% அளவுக்குக் குறைவது சாதாரணம். மட்டையைத் தொடாமல் உறைக்குள் வைத்திருந்தாலும் இது நடக்கும். அப்புறம் வேகம் குறையும், ஆனால் ஒவ்வொரு அடியும் இன்னும் கொஞ்சம் தளர்த்தும். வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டையை விட்டால் சூடு அதை இன்னும் விரைவுபடுத்தும்.

சரி, எது எப்படி? டென்ஷனைக் காப்பதில் முதலிடம் நேச்சுரல் கட் எனப்படும் குடல் ஸ்ட்ரிங்குக்குத்தான். பபோலா நிறுவனம் 1875 முதல் இதைச் செய்துவருகிறது. மாட்டுக் குடலின் மெல்லிய சவ்வை இழையிழையாக முறுக்கிச் செய்வது. அந்த கொலாஜன் இழைகள் நீண்டு, மீண்டு, பழைய நிலைக்கே திரும்புபவை. கட்டிய மறுநாள் எப்படி இருந்ததோ, நன்றாக உரசித் தேய்ந்த பிறகும் கிட்டத்தட்ட அதே உணர்வைக் கொடுக்கும். ஈரம்தான் இதற்கு எதிரி: நனைந்தால் இழைகள் பிரிந்து உப்பிவிடும். விலையும் அதிகம். ஆனால் டென்ஷன் என்ற ஒரே கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

மறுகோடியில் பாலியெஸ்டர். 1997-இல் பிரேசில் வீரர் குஸ்தாவோ குவெர்டன் பெல்ஜியத்தின் லக்ஸிலான் ஸ்ட்ரிங்கோடு பிரெஞ்சு ஓபனை வென்றார். அதன் பிறகு தொழில்முறை டென்னிஸே இந்தப் பக்கம் சாய்ந்தது. காரணம் சுழற்சி. வழுக்கலான ஸ்ட்ரிங் பந்தோடு பக்கவாட்டில் நகர்ந்து, சட்டென்று திரும்பி வந்து பந்தைச் சுழற்றி அனுப்புகிறது. ஆனால் டென்ஷனைத் தக்கவைப்பதில் பாலியெஸ்டர் எல்லாவற்றிலும் பின்தங்கியது. அது விறைப்பானது என்பதும் இதற்கு ஒரு காரணம். விறைப்பான ஸ்ட்ரிங்கில் ஒரு மில்லிமீட்டர் தளர்ந்தாலே பல பவுண்ட் டென்ஷன் போய்விடும். இழுபடும் குடல் ஸ்ட்ரிங்கில் அதே மில்லிமீட்டர் பெரிதாகத் தெரியாது. முடிச்சு இறுகும்போது ஏற்படும் சின்னத் தளர்வுகூட இங்கே கணக்கில் வரும்.

இன்னொரு சங்கடம்: டென்ஷன் இறங்கும் அதே காலத்தில், குறுக்கே உரசும் இடங்களில் பள்ளம் விழுந்து, ஸ்ட்ரிங் நகர்ந்து திரும்பும் குணமும் போகிறது. தளர்ந்ததால் பந்து உயரமாகக் கிளம்புகிறது, அதைக் கீழே இறக்க வேண்டிய சுழற்சியோ குறைந்துவிட்டது. என் பந்துகள் வெளியே போனது அதனால்தான். பெரிய ஆட்டக்காரர்களுக்கு இது பிரச்சினை இல்லை. பந்து மாற்றும்போது, அதாவது முதலில் 7 கேம், பிறகு 9 கேமுக்கு ஒருமுறை, பலர் மட்டையையும் மாற்றிவிடுவார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. பதினைந்து, இருபது மணி நேர ஆட்டத்துக்குப் பிறகு பாலியெஸ்டரை வெட்டி எறிவதே நல்லது, அறாவிட்டாலும்.

தளரும் என்று முன்கூட்டியே இறுக்கிக் கட்டச் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். இறுக்கம் கூடக் கூட இழப்பும் கூடுகிறது, முதல் சில நாள் அதிர்ச்சி முழுவதையும் முழங்கை வாங்கிக்கொள்கிறது.

நைலான் இரண்டுக்கும் நடுவே. சின்தெடிக் கட் என்று விற்பது நடுவில் கெட்டி இழையும் சுற்றி மெல்லிய உறையும் கொண்டது. மல்டிஃபிலமென்ட் என்பது நூற்றுக்கணக்கான நுண்ணிழைகளை ஒட்டிச் செய்தது, கைக்கு இதமானது. இரண்டும் பாலியெஸ்டரைவிட நன்றாக டென்ஷனைக் காக்கும், குடல் ஸ்ட்ரிங்கை எட்டாது. மல்டிஃபிலமென்ட் நுண்ணிழைகள் பிசிறு பிசிறாகப் பிரிந்து தன் முடிவை முன்பே சொல்லிவிடும். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். பாலியெஸ்டர் வெளியே பளபளவென்று இருந்துகொண்டே உள்ளே செத்திருக்கும்.

கெவ்லார் என்ற செயற்கை நார் விறைப்பின் உச்சம். கைக்கு ஆகாது, விட்டுவிடலாம். ஸைக்ஸ் என்ற பொருளில் செய்த ஸ்ட்ரிங்குகள் கவனிக்கத் தக்கவை: ஒற்றை இழைதான், ஆனால் மென்மையிலும் டென்ஷன் காப்பதிலும் செயற்கைப் பொருட்களில் குடல் ஸ்ட்ரிங்குக்கு நெருக்கமாக வருபவை.

கலந்து கட்டுவதும் ஒரு வழி. ரோஜர் ஃபெடரர் மெயினில் (நெடுக்கே ஓடும் ஸ்ட்ரிங்) குடல் ஸ்ட்ரிங்கும் கிராஸில் (குறுக்கே ஓடுவது) லக்ஸிலான் பாலியெஸ்டரும் வைத்து ஆடினார். பந்தின் வேலையை அதிகம் சுமப்பது மெயின் என்பதால், நிலைத்து நிற்கும் ஸ்ட்ரிங்கை அங்கே வைப்பதில் அர்த்தம் இருக்கிறது.

ஒப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒரே ஸ்ட்ரிங்கை, ஒரே 55 பவுண்டில், இரண்டு விதமான இயந்திரத்தில் கட்டினால் முடிவு ஒன்றாக இருக்காது. சொன்ன விசையை எட்டியதும் பூட்டிக்கொள்ளும் இயந்திரத்தில், கவ்வியைப் போடுவதற்குள்ளேயே ஸ்ட்ரிங் தளரத் தொடங்கிவிடும். விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும் இயந்திரம் அந்தத் தளர்வை அங்கேயே ஈடுகட்டும். “இந்த ஸ்ட்ரிங் சீக்கிரம் தளர்கிறது” என்ற குறை பல நேரம் இயந்திரத்தைச் சேர்ந்தது.

வாரம் இரண்டு மூன்று நாள் ஆடுபவர், ஸ்ட்ரிங்கை அடிக்கடி அறுக்காதவர் என்றால் நான் மல்டிஃபிலமென்டைத்தான் சொல்வேன். செலவு பொறுக்குமானால் குடல் ஸ்ட்ரிங். பாலியெஸ்டர், மாதத்துக்கு இரண்டு முறை நைலானை அறுத்துத் தள்ளுபவர்களுக்கு.

எதைப் போட்டாலும், கட்டிய மறுநாள் மட்டையைத் தட்டி அந்த ஒலியைக் கைபேசியில் பதிவு செய்து வையுங்கள். ஒலியின் அதிர்வெண் டென்ஷனின் வர்க்கமூலத்தோடு ஏறி இறங்கும். பிறகு ஒருநாள் தட்டும்போது அது கீபோர்டில் அடுத்த கட்டைக்கு, அதாவது அரைச் சுரம் இறங்கியிருந்தால், சுமார் 11% டென்ஷன் போய்விட்டது என்று கணக்கு.