பள்ளத்தாக்குப் பக்கமே உருளும் பந்து

கோல்ஃபில் பந்தைக் குழிக்குள் தட்டிவிடும் என் பட்டர் மட்டை நேற்றுதான் பழுது நீங்கித் திரும்பி வந்தது. தண்டை நிமிர்த்திக் கொடுத்தவர் அது எப்படி வளைந்தது என்று கேட்கவில்லை. மலையில் ஆடுகிறவர்களின் மட்டைகளை நிறையப் பார்த்திருப்பார் போலும். அன்று மாலையே நண்பர் ஒருவர், பனிச்சறுக்கு விடுதியின் கோல்ஃப் மைதானத்துக்குப் பருவச் சந்தா எடுக்கலாமா என்று கேட்டார். அப்படிப்பட்ட ஒரு மைதானத்தில் எட்டுக் கோடைகளாக ஆடிவருகிறேன். அவர் கேட்ட நேரம் சரியில்லை. ஆனாலும் நியாயமாகவே தொடங்குகிறேன்.

பந்து பறக்கிறது, அதில் பொய்யில்லை. இடத்தின் உயரத்தை அடிக்கணக்கில் எடுத்து 0.00116ஆல் பெருக்கினால், தொலைவு எத்தனை சதவீதம் கூடும் என்பது ஏறக்குறைய வந்துவிடும். நான் ஆடும் இடம் சுமார் 6,500 அடி உயரம். சமவெளியில் 150 கெஜம் போகும் ஏழாம் எண் அயர்ன் மட்டையின் அடி இங்கே 160ஐத் தாண்டும். அமெரிக்காவின் பிரெக்கென்ரிட்ஜில் ஜாக் நிக்லாஸ் வடிவமைத்த மைதானம் 9,300 அடியில் இருக்கிறது. அங்கே கூடுதல் பத்து சதவீதத்துக்கும் மேல். நண்பருக்கு இன்னொரு நற்செய்தியும் உண்டு. அவருக்குப் பந்தை வலப்பக்கம் வளைத்து அடிக்கும் பழைய வியாதி இருக்கிறது. மெல்லிய காற்றில் சுழற்சியின் பிடி தளர்ந்துவிடுவதால் அந்த வளைவும் குறையும். முதல் நாள் நெடுந்தொலைவு அடிக்கும் டிரைவர் மட்டையை எடுத்து அடித்துவிட்டு, தன் ஆட்டம் திருந்திவிட்டது என்று நம்புவார். நானும் நம்பினேன்.

வளைவைக் குறைக்கும் அதே காற்றுதான் பந்தைத் தூக்கவும் மறுக்கிறது. பந்து தாழ்வாகப் போய்ச் சாய்வாக இறங்குவதால், குழி இருக்கும் வழவழப்பான புல்தரையான கிரீனில் விழுந்தாலும் நிற்பதில்லை. முதல் இரண்டு கோடைகளும் கிரீனுக்குப் பின்னால் உள்ள புதர்களில்தான் எனக்குக் கழிந்தன. போதாக்குறைக்கு, முதல் அடி அடிக்கும் டீ மேலேயும், பந்து விழ வேண்டிய ஃபேர்வே புல்வெளி வெகு கீழேயும் இருக்கும். அந்த இறக்கத்தையும் சேர்த்துத் தொலைவைக் கணக்கிட்டுச் சொல்லும் கருவி என்னிடம் உண்டு. ஆனால் விதிப்படி ஆடும் சுற்றில் உயர வேறுபாட்டை அளக்கக் கூடாது. எங்கே அது தேவையோ அங்கே பைக்குள் தூங்கும்.

இவை எல்லாவற்றுக்கும் பழகிவிட்டேன். எட்டு ஆண்டுகளாகியும் பழகாதது கிரீன்.

லே நகரத்துக்கு அருகிலுள்ள காந்த மலையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நிறுத்திய கார் மேட்டை நோக்கித் தானாக ஏறுவதுபோலத் தோன்றும். அங்கே காந்தமும் இல்லை, மாயமும் இல்லை. சுற்றிலும் சரிவாக இருப்பதால், எது சமம் என்று கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. மலையில் செதுக்கிய கிரீனில் நடப்பதும் அதேதான். பின்னால் செங்குத்தாகப் பனிச்சறுக்குப் பாதை, முன்னால் பள்ளத்தாக்கு. மலையின் சாய்வையே கண் அளவுகோலாக எடுத்துக்கொள்வதால், பள்ளத்தாக்கை நோக்கி லேசாகச் சரியும் புல்தரை சமதளமாகத் தெரிகிறது. சில சமயம் பள்ளத்தாக்குப் பக்கம் ஏறுவதாகவே தெரிகிறது. இடப்பக்கம் வளையும் என்று நினைத்துத் தட்டிய பந்து, கேலி செய்வதுபோல வலப்பக்கம் உருண்டு போகும்.

மூன்றாவது ஆண்டு மே மாதத்தில், மைதானம் திறப்பதற்கு முன்பே ஒருநாள் நடந்து பார்க்கப் போனேன். பனி உருகிக்கொண்டிருந்தது. பதினான்காவது கிரீனின் மேல் விரல் தடிமனில் ஒரு நீரோடை. மேடு என்று நான் சத்தியம் செய்யத் தயாராக இருந்த பக்கத்தை நோக்கி அது நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. கால் மணி நேரம் நின்று பார்த்தேன். தண்ணீர் பொய் சொல்லாது என்று புத்தி அன்றே ஒப்புக்கொண்டுவிட்டது. கை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. குறிபார்த்துக் குனிந்ததும் கடைசி நொடியில் அது தன் இஷ்டப்படி திருத்திக்கொள்கிறது.

சரி, எல்லாம் பள்ளத்தாக்குப் பக்கம்தான் என்று மனப்பாடம் செய்துகொண்டு ஆடினால், ஆறாவது கிரீன் இருக்கிறது. மொத்த மைதானத்தில் அது ஒன்று மட்டும் உண்மையாகவே மலைப்பக்கம் சரிகிறது. வடிவமைத்தவருக்கு என் மேல் என்ன கோபமோ.

சென்ற மாதம் அதே பதினான்காவது கிரீனில், மூன்றடி தொலைவில் இருந்த குழிக்குள் பந்தைத் தட்டத் தவறிவிட்டேன். மட்டையை மைதான வண்டியின் சக்கரத்தில் ஓங்கி அடித்தேன். வெட்கத்தோடு சொல்கிறேன், இரண்டு முறை. 2019இல் திருத்திய விதியின்படி, ஆத்திரத்தில் கெடுத்த மட்டையாக இருந்தாலும் அந்தச் சுற்றில் அதைக் கொண்டே தொடரலாம். வேறொன்றை எடுத்துக்கொள்ளத்தான் முடியாது. ஆகவே மீதி நான்கு குழிகளையும் வளைந்த தண்டோடு ஆடினேன். நெடுந்தொலைவிலிருந்து தட்டிய இரண்டு பந்துகள் குழிக்குள் போயின. எட்டு ஆண்டுகளில் எனக்கு அமைந்த மிகச் சிறந்த முடிவு அது. மட்டையின் கோணலும் கண்ணின் கோணலும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டிருக்க வேண்டும். பழுதுபார்க்கக் கொடுத்ததே தவறோ என்று நேற்றிரவு யோசித்துக்கொண்டிருந்தேன்.

மற்றவை சில்லறை விஷயங்கள். ஒரு குழிக்கும் அடுத்த டீக்கும் இடையே அத்தனை ஏற்றம் இருப்பதால் வண்டி இல்லாமல் முடியாது. உறைபனி படிந்த புல்லை மிதித்தால் அது கருகிவிடும் என்பதால் காலை ஆட்டம் தள்ளிப்போகும். பிற்பகலில் இடி மின்னல் வந்து விரட்டும். பனிச்சறுக்கர்களை மேலேற்றும் லிஃப்ட்டின் கம்பம் மட்டை வீச்சுக்குத் தடையாக நின்றால் பந்தை நகர்த்தி வைக்கச் சலுகை உண்டு, குறியை மறைத்தால் கிடையாது. ஒன்பதாவது குழி அருகே இருக்கும் குளத்து நீர்தான் குளிர்காலத்தில் செயற்கைப் பனியாகச் சரிவில் பொழிகிறது. அதன் அடியில் என் பந்துகள் எத்தனை கிடக்கின்றன என்று எண்ணியதில்லை. இத்தனைக்கும் ஆண்டில் ஐந்து மாதம் ஆடக் கிடைத்தால் பெரிது.

ஸ்விட்சர்லாந்தின் கிரான் மொன்டானாவில், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், 1939 முதல் தொழில்முறைப் போட்டி நடந்துவருகிறது. அங்கே வருகிறவர்களுக்குப் பயிற்சி நாட்கள் உண்டு, கணக்குப் போட உதவியாளர் உண்டு. எனக்கு இருப்பது எட்டு ஆண்டு அனுபவமும் நிமிர்த்திய மட்டையும்தான்.

ஆகவே நண்பருக்கு என் பதில்: வேண்டாம். அந்தப் பணத்தில் சமவெளியில் ஆடுங்கள், பந்து கண்ணுக்குத் தெரிந்த பக்கமே போகும். என் பேச்சைக் கேட்காமல் சந்தா எடுத்தே தீருவேன் என்றால், சனிக்கிழமை முதல் ஆட்ட நேரத்தைக் கேட்காதீர்கள். அடுத்த பருவம் முழுவதற்கும் அதை நான் இன்று காலையே பதிவு செய்துவிட்டேன்.