தண்டி முறிந்த வீணையா? மல்லேஸ்வரத்தில் காட்டுங்கள்

வீடு மாற்றும்போது வண்டிக்காரர்கள் என் வீணை மேல் பீரோவைச் சாய்த்துவிட்டார்கள். வீணையின் நீண்ட கழுத்தான தண்டி, உருண்டையான குடத்தோடு சேரும் இடத்தில் பிளந்து தந்திகளின் பிடியில் தொங்கியது, குடத்தில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல், விரல் வைத்து வாசிக்கும் உலோக மெட்டுகளைப் பிடித்திருக்கும் மெழுகுப் பகுதியான மேளம் பாதி உதிர்ந்து, மெட்டுகள் பெட்டிக்குள் சிதறிக் கிடந்தன. பெரிய இசைக்கருவிக் கடை ஒன்றில் காட்டினால் தொட்டுக்கூடப் பார்க்காமல் புதுசு வாங்கிவிடச் சொன்னார்கள். தஞ்சாவூர் வீணைக்கு 2013-லேயே புவிசார் குறியீடு வந்துவிட்டது, ஆனால் பெங்களூரில் அதைத் திறந்து வேலை பார்க்கத் தெரிந்த ஆள் எங்கே என்று கேட்டால் பாட்டு டீச்சர்களுக்கே சட்டென்று சொல்லத் தெரியவில்லை.

மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸுக்குப் பின்பக்கச் சந்தில், மாடியில் இருக்கிறது இந்தப் பட்டறை. போர்டு கிடையாது, கீழே பூ விற்பவர்களிடம் வீணைக்காரர் என்று கேட்டால் போதும். தஞ்சாவூர்க்காரர், தமிழிலேயே பேசலாம்.

எனக்கு அவரைப் பிடித்துப்போன இடம் இதுதான். விலை பேசுமுன் மேல் பலகையைக் கழற்றி, குடத்துக்குள் ஒரு சின்ன பல்பை இறக்கி, அறை விளக்கை அணைத்தார். கண்ணுக்குத் தெரிந்த விரிசலைத் தாண்டி இன்னும் இரண்டு இடங்களில் வெளிச்சம் மயிரிழையாகக் கசிந்தது. "ஒட்டு வீணைங்கிறதால தப்பிச்சீங்கம்மா, தண்டி பழைய ஒட்டுலதான் விட்டிருக்கு, மரம் அதிகம் போகலை" என்றார். ஒட்டு வீணை என்றால் குடம், தண்டி எல்லாம் தனித்தனியாகச் செய்து ஒட்டியது. ஒட்டுவதற்கு விலங்குப் பசையான வஜ்ரம்தான், கடையில் விற்கும் எந்தப் பசையும் இல்லை. சூடும் ஈரமும் காட்டினால் வஜ்ரம் இளகும், அதனால் பின்னால் யாராவது மறுபடி திறக்க வேண்டி வந்தாலும் மரம் கிழியாது. விரிசலுக்கு உள்பக்கம் பழைய பலாமரத்திலிருந்து சின்னச் சின்னத் துண்டுகள் வெட்டிக் குறுக்கே ஒட்டினார்.

அப்புறம் காத்திருப்பு. மழைக்காலம் என்பதால் ஒட்டு நன்றாகக் காய்ந்து மரம் அடங்கட்டும் என்று மேளம் கட்டாமல் வைத்திருந்தார். அவசரப்படுத்தியபோது, "தண்டி ஒரு நூல் அசைஞ்சாலும் இருபத்திநாலு மெட்டும் பொய் பேசும்மா" என்றார், அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கச்சேரி தேதி வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இவர் சரிப்பட மாட்டார், போனையும் பாதி நேரம் எடுப்பதில்லை.

மெழுகும் குங்கிலியமும் கலந்து புதிதாக மேளம் கட்டினார். என்ன சுருதியில் வாசிப்பீர்கள் என்று கேட்டு, முதல் தந்தியான சாரணியை அதற்குச் சேர்த்துவிட்டு, மெழுகு இளக்கமாக இருக்கும்போதே ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டுக் கேட்டு நகர்த்தினார். தந்திகளைத் தாங்கும் குதிரை மேலிருக்கும் தகட்டையும் தேய்த்துக் கொடுத்ததில் முன்பு கம்மிக்கொண்டிருந்த, தாழ்ந்த ஒலி தரும் மந்தரத் தந்தி இப்போது நின்று பேசுகிறது. மேல்ஸ்தாயி கடைசி இரண்டு மெட்டுகளில் மட்டும் தந்தியை இழுத்துக் கமகம் வாசித்தால் லேசாக உரசுகிறது, கொண்டு வந்தால் சரிசெய்கிறேன் என்றிருக்கிறார்.

பாலிஷ் சுமார்தான். ஒட்டின இடம் நிறம் மாறித் தெரிகிறது. மரவேலை, மேளம், தந்தி எல்லாம் சேர்த்து பதினான்காயிரம் ஆனது, எனக்கு அது நியாயமாகவே பட்டது.

உங்கள் வீணை உடைந்தால் முதலில் தந்திகளைத் தளர்த்துங்கள், இழுவிசையில் விரிசல் வளரும். உதிர்ந்த சில்லு ஒன்றைக்கூடத் தூக்கிப் போடாமல் பையில் போட்டு எடுத்துப் போங்கள், வீட்டில் எதையும் ஒட்டிப் பார்க்காதீர்கள். வெயிலில் காருக்குள் வைத்துவிட்டுக் காபி குடிக்கவும் போகாதீர்கள், மெழுகு இளகி மிச்ச மேளமும் போய்விடும். ஞாயிறு மதியத்துக்கு மேல் பட்டறை பூட்டியிருக்கும்.