லூப்புக்குள் அரே: வளர்ப்பதா, முன்பே இடம் ஒதுக்குவதா?

வடசென்னை மணலியின் காற்றுத் தரத் தரவை ப்ராஜெக்டுக்கு எடுக்கும் வியாசர்பாடி, தண்டையார்பேட்டை மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். 15 நிமிடத்துக்கு ஒரு பி.எம். 2.5 (காற்றிலுள்ள நுண்துகள்) அளவு என்றால் ஒரு வருடத்துக்கு 35,040 எண்கள். பைத்தானில் அவற்றை லூப்புக்குள், அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் நிரல் பகுதிக்குள், ஒவ்வொன்றாகச் சேர்த்து அரே (எண்களை வரிசையாக வைக்கும் அமைப்பு) ஆக்க மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, எண் கணக்குக்கான பைத்தான் நூலகமான நம்பையின் (NumPy) அப்பெண்ட் (append). பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது இருக்கும் அரேயின் கடைசியில் எதையும் ஒட்டுவதில்லை. ஒவ்வொரு முறையும் புது அரே ஒன்றை உருவாக்கி, பழையது முழுவதையும் அதில் நகலெடுக்கிறது. ஒரு குடம் வாங்கும்போதெல்லாம் வீட்டையே காலி செய்து வேறு வீட்டுக்குப் போவது போல. எண்ணுக்கு 8 பைட் என்று கணக்குப் போட்டால் கடைசியில் கிடைக்கும் அரே வெறும் 280 கேபி. அதற்காக நகலெடுத்தது மொத்தம் சுமார் 4.9 ஜிபி. நிமிடத்துக்கு ஒரு அளவு என்றால் அது 1.1 டிபியைத் தொடும். தரவு 15 மடங்கு கூடினால் வேலை 225 மடங்கு கூடுகிறது. லூப்புக்குள் இதை எழுதவே கூடாது.

இரண்டாவது, பைத்தானின் சாதாரண லிஸ்ட் (list). அது எப்போதும் கொஞ்சம் காலி இடம் வைத்துக்கொண்டு, நிறைந்தால் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு கூட்டிக்கொள்கிறது. அதனால் நகலெடுப்பது அபூர்வம். லூப் முடிந்ததும் ஒரே தடவை அரேயாக மாற்றினால் போதும். எண்ணுக்கு 8 பைட்டுக்குப் பதில் 32 பைட் பிடிக்கும்தான். இந்த அளவுத் தரவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

மூன்றாவது, முன்பே 35,040 இடம் ஒதுக்கி நிரப்புவது. வேகத்தில் இதற்கும் லிஸ்டுக்கும் உள்ள வித்தியாசம் இங்கே பெரிதாகத் தெரியாது. ஆனாலும் நான் இதைத்தான் சொல்வேன், காரணம் விடுபட்ட அளவுகள். கருவி நின்றுபோய் கோப்பில் நான்கு வரிகள் இல்லையென்றால், லிஸ்டில் அதற்குப் பின்னால் வரும் எல்லாமே ஒரு மணி நேரம் முன்னால் நகர்ந்துவிடும். முன்பே இடம் ஒதுக்கி, நேரத்தை வைத்து இட எண்ணைக் கணக்கிட்டு எழுதினால், இல்லாதது இல்லாத இடத்திலேயே நிற்கும்.

அந்தக் காலி இடத்தில் எதை வைக்கிறோம் என்பது இன்னும் முக்கியம். எல்லா இடத்தையும் சைபரால் நிரப்பும் நம்பையின் ஜீரோஸ் (zeros) வேண்டாம். ஒரு நாளின் 96 அளவுகளில் 24 விடுபட்டு, மீதி 72-இன் சராசரி 76 என்று வைத்துக்கொள்வோம். தேசியத் தரநிலையின் 24 மணி நேர வரம்பு 60. அந்த நாள் வரம்பைத் தாண்டிய நாள். காலியிடங்களில் சைபர் இருந்தால் சராசரி 57 ஆகிவிடும். மணலியில் குடியிருப்பவர்கள் சுவாசித்த கெட்ட காற்று உங்கள் வரைபடத்தில் நல்ல காற்றாகிவிடும். எதையும் நிரப்பாமல் இடம் மட்டும் ஒதுக்கும் எம்ப்டி (empty) இன்னும் மோசம், மெமரியில் ஏற்கெனவே கிடந்த ஏதோ எண்கள் அப்படியே வரும். ஃபுல் (full) கொண்டு, 'எண் இல்லை' என்று குறிக்கும் நேன் (NaN) மதிப்பால் நிரப்புங்கள். சராசரி எடுக்கும் சாதாரண மீன் (mean) கட்டளை அப்போது நேன் என்றே பதில் தரும், தவறு உடனே கண்ணில் படும். அப்புறம் நேன்மீன் (nanmean) போட்டால் இருக்கும் அளவுகளுக்கு மட்டும் சராசரி வரும்.

பைத்தானுக்குப் பதில் மேட்லாப் (MATLAB) மொழியில் எழுதுபவர்களுக்கு ஒரு வரி: 2011 பதிப்பிலிருந்து கடைசியில் ஒட்டி வளர்ப்பது அங்கே வேகமாகிவிட்டது, ஆனாலும் எடிட்டர் எச்சரிக்கத்தான் செய்கிறது.

எத்தனை வரி வரும் என்றே தெரியாத கோப்பா? சரி, லிஸ்டில் சேருங்கள், ஆனால் ஒவ்வொரு அளவோடும் அதன் நேரத்தையும் சேர்த்தே வையுங்கள். முழு எண் வகை அரேயில் நேன் நிற்காது என்பதால், அரேயை ஃப்ளோட்டாகவே (தசம எண் வகையாகவே) உருவாக்குங்கள்.