றவுட்டருக்கு மினி யுபிஎஸ்: வாங்கலாமா?

கரண்ட் போனாலும் லப்ரொப் பற்றரியில் ஓடும், அறுவது வைஃபை. யாழ்ப்பாணத்தில் வீட்டிலிருந்து வெளிநாட்டுக் கம்பனிக்கு வேலை செய்பவர்களுக்கு 12 வோல்ற் மினி யுபிஎஸ், அதாவது கரண்ட் போனதும் தன் பற்றரியிலிருந்து றவுட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் சின்னப் பெட்டி, நிச்சயம் தேவை. பெரிய யுபிஎஸ் பற்றரி மின்சாரத்தை 230 வோல்ற்றாக்கி, அடப்ரர் அதைத் திரும்ப 12 ஆக்கும். இரண்டு இடத்திலும் இழப்பு. மினி யுபிஎஸ் நேரே 12 வோல்ற் கொடுப்பதால் அந்தச் சுற்றிவளைப்பு இல்லை.

பெட்டியில் 8800 மில்லியம்பியர் மணி என்றிருந்தால், அது உள்ளே இருக்கும் லித்தியம் செல்லின் 3.7 வோல்ற் கணக்கு: ஏறக்குறைய 32 வாற் மணி. இழப்புப் போக 27 கிடைக்கும். 6 வாற் றவுட்டர் நாலரை மணித்தியாலம் தாங்கும். ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் நேரம் ஏறக்குறைய பாதியாகலாம், சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

வாங்க முன் அடப்ரரில் வோல்ற், அம்பியர், முனைக் குறி (பிளக்கின் நடுப்பகுதி + ஆ − ஆ என்பது) மூன்றையும் படம் எடுத்துப் போங்கள். 9 வோல்ற் றவுட்டருக்கு 12 கொடுத்தால் எரியலாம். பிளக்கின் வெளி விட்டம் 5.5 மில்லிமீற்றராக இருந்தாலும் உள் துளை 2.1, 2.5 என இரு வகை; மாறினால் ஒன்றில் ஏறாது, இல்லையேல் தளர்ந்து அடிக்கடி றீஸ்ராற் ஆகும்.

கடையிலேயே றவுட்டரை மாட்டி, சுவர் பிளக்கை இழுத்துப் பாருங்கள். விளக்குகள் ஒரு கணமும் அணையக்கூடாது. அணைந்தால் அந்த மொடல் வேண்டாம். சித்திரை வெயிலில் றவுட்டருக்கு மேலே அடுக்கி வைக்காதீர்கள். சூடு லித்தியம் செல்லைச் சீக்கிரம் கெடுக்கும்.