வாடகை வீட்டை மேனேஜரிடம் ஒப்படைத்த பல வருட அனுபவம்

வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்துப் பல வருடம் ஆகிறது. நடுவில் ஒருமுறை நிறுவனத்தை மாற்றியும் ஆயிற்று. யாரிடம் பேசினாலும் கமிஷன் எத்தனை சதவீதம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். வீடு எத்தனை நாள் காலியாகக் கிடக்கும் என்று யாரும் கேட்பதில்லை. ஒரு மாதம் பூட்டிக் கிடந்தாலே வருட வாடகையில் சுமார் 8.3 சதவீதம் போச்சு. 8 சதவீதம் வாங்குபவருக்கும் 10 சதவீதம் வாங்குபவருக்கும் உள்ள வித்தியாசமோ, கணக்குப் போட்டால், வருடத்துக்கு ஏறக்குறைய 7 நாள் வாடகைதான். இருப்பவர் காலி செய்கிறேன் என்று சொன்ன அன்றே அடுத்த ஆளைத் தேடத் தொடங்குகிற மேனேஜருக்கு அந்த 2 சதவீதத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

கமிஷன் வசூலான வாடகைக்கா, வரவேண்டிய வாடகைக்கா என்பதையும் ஒப்பந்தத்தில் பாருங்கள். வசூலானதற்கு மட்டும் என்றால், வாடகை நிற்கிற மாதம் அவருக்கும் வலிக்கும். புது ஆளைக் குடிவைக்கத் தனிக் கட்டணம் உண்டென்றால் இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் ஆள் மாற மாற அவருக்கு வருமானம். முதலில் இருந்த நிறுவனம் அப்படித்தான் வாங்கியது. நேரத்துக்கு வாடகை கட்டிய நல்ல குடும்பம், சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டுக் காலி செய்துகொண்டு போனார்கள். அதற்கப்புறம்தான் விஷயமே எனக்குத் தெரியும். சிங்குக்குக் கீழே பலகை முழுக்க ஊறி உப்பிப்போய், கையை வைத்தால் உதிர்ந்தது. வாஷர் மாற்றியிருந்தால் தீர்ந்திருக்கும்!

இப்போது இருக்கும் மேனேஜர் கெட்ட செய்தியை நாம் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறார், அதுதான் அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது. போட்டோ வரும், எவ்வளவு ஆகும் என்று இரண்டு பேரிடம் வாங்கிய மதிப்பீடு வரும், தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்று ஒரு வரியும் இருக்கும். சின்னச் செலவுக்கு ஒரு வரம்பு பேசி வைத்திருக்கிறோம், அதற்குள் என்றால் அவரே முடித்துவிட்டுப் பிளம்பர் கொடுத்த பில்லை அப்படியே அனுப்பிவிடுவார். சாவி கொடுக்கும் அன்று குடிவருபவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுக்கிறார், மீட்டர் ரீடிங் உட்பட. அதனால் காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடித்தம் பற்றிச் சண்டையே வருவதில்லை. பெயின்ட் மங்குவது புழங்குவதால் வரும் தேய்மானம், அதற்குப் பிடிக்கக் கூடாது, உடைந்த கதவுக்குப் பிடிக்கலாம் என்று இரண்டு பக்கமும் உட்காரவைத்துப் பேசுகிறார்.

கையெழுத்துப் போடுவதற்கு முன், மாதக் கணக்கு எப்படி வரும் என்று ஒரு மாதிரி கேட்டு வாங்குங்கள். முடிந்தால் அவர் பார்த்துக்கொள்ளும் வேறொரு வீட்டில் குடியிருப்பவரிடம், ராத்திரியில் போன் செய்தால் எடுக்கிறாரா என்று விசாரியுங்கள். அப்புறம், விலகும் விதிகள். சாவி, அட்வான்ஸ் தொகை, வாடகை ஒப்பந்தம் எல்லாம் எத்தனை நாளில் கைக்கு வரும் என்று எழுத்தில் இருக்க வேண்டும். பழைய நிறுவனத்திடமிருந்து அட்வான்ஸைத் திரும்ப வாங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.